யாரும் வாசிக்கக்கூடிய பட்டியல்

மகனே,

நீ கேட்ட சான்றிதழ் இந்த உறைக்குள் இல்லை. பிரித்தவுடன் அதைத்தான் தேடுவாய் என்று தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்தளை மாவட்டத்தில் ஐந்து காரியாலயங்கள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான பொது வடிவத்தை நீ உருவாக்கினாய் என்றும், மக்களின் விவரங்களை இரகசியம் காத்துப் பொறுப்புடன் கையாண்டாய் என்றும் நீயே எழுதி, கீழே கூட்டுக் குழுவின் முன்னாள் செயலாளர் என்று என் பெயரையும் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாய். நான் செய்ய வேண்டியது கையெழுத்து மட்டும். கனடாவில் உன் தகுதியைப் பார்ப்பவர்களுக்கு அது வேண்டுமாம், அடுத்த மாதம் பயணமாம். முதல் பாதி உண்மை. அதற்கு எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடுவேன். இரண்டாவது பாதிக்கு வந்ததும் பேனாவை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். உன் அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்து, அது ஆறியதும் எடுத்துக்கொண்டு போனாள். "பென்சில் சீவுறதுக்கே ரெண்டு நாள் யோசிக்கிற மனுசன்" என்று அடுப்படியில் சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

இந்த முறை அவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பெருமாள் என்பவர் ஆட்டோ ஓட்டுகிறார். சொந்தத் தங்கையின் புருஷனைப் பொலிசுக்குக் காட்டிக்கொடுத்தவர் என்ற பெயரோடு மூன்று வருடமாக அங்கே வாழ்கிறார். அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அது அவருக்குத் தெரியும், ஆனால் அவர் சொல்வதை நம்ப அங்கே ஆளில்லை. எனக்கும் உனக்கும் தெரியும், ஆனால் நாம் இருவரும் வாய் திறக்கவில்லை. நீ விமானம் ஏறிவிட்டால் அந்தப் பெயர் அவரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் வந்துதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எழுதத் தொடங்குவதற்கு முன் இன்னொரு காரியமும் செய்துவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், உனக்குத் தெரியுமே.

அந்தக் குழு எப்படித் தொடங்கியது என்பதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. ஓய்வு பெற்ற தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒருவனை, உன்னால் இன்னும் ஆகவேண்டிய காரியம் இருக்கிறது என்று சொல்லி உட்கார வைத்த இடம் அது. மாத்தளைத் தேவாலயத்தின் பங்கு மண்டபத்துக்குப் பின்னால் ஒரு அறையில், பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இல்லாத தோட்டத்து மக்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இதே வேலையை நாவுலவில் ஒரு காரியாலயம் செய்தது, கலேவெலவில் ஒன்று, பல்லேகமவில் ஒன்று, ரத்தோட்டையில் ஒன்று. ஒருவர் கலேவெலவில் பதிந்திருப்பார், அவருடைய தாயின் பதிவு நம்மிடம் இருக்கும். ஒரு காரியாலயத்தில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக ஒரே கேள்விக்கு மூன்று ஊரில் பதில் சொல்லிவிட்டு வந்த ஒரு பெண், நாலாவது தடவையாக என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "ஐயா, நீங்க அஞ்சு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டார். அன்றே மற்ற நான்கு காரியாலயத்துக்கும் கடிதம் எழுதினேன். அதனால்தான் குழு அமைந்தது.

முதலில் எங்களுக்குத் தெரிந்த மாதிரி செய்தோம். ஒரு ஆளுக்கு ஒரு வரி, ஒரு விவரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு காற்புள்ளி. டிஸ்கில் ஏற்றி, கடித உறைக்குள் வைத்து, பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினோம். முப்பது வருடம் தினமும் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று செக்ரோல் எழுதிய கைக்கு அது மிகவும் இதமாக இருந்தது. மூன்றாவது இடத்தில் வயது, ஐந்தாவது இடத்தில் முகவரி, ஏழாவது இடத்தில் அவர் இருக்கும் லயத்து வரிசையில் எத்தனை வீடு, எட்டாவது இடத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை. எந்த இடத்தில் எது என்று ஒரு தாளில் எழுதி எல்லாக் காரியாலயத்துக்கும் கொடுத்திருந்தேன். அந்தத் தாள் இல்லாதவனுக்கு அந்தப் பட்டியல் வெறும் சொற்களும் எண்களும்தான். ஆனால் ரத்தோட்டையில் ஒருவர் முகவரியை "நாலாம் லயம், மேல்பிரிவு" என்று தட்டியிருந்தார். நடுவில் இருந்த காற்புள்ளியை இயந்திரம் எல்லை என்று நினைத்து, முகவரியை இரண்டாகப் பிரித்து, அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாவற்றையும் ஒரு இருக்கை தள்ளி உட்கார வைத்துவிட்டது. அந்த மனிதருடைய லயத்தில் அறுபத்தொரு வீடு. அந்த எண் பிள்ளைகளின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. கலேவெலக் காரியாலயத்தை நடத்திய நஸீமா டீச்சர் அந்தத் தாளைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். "கிளாக்கர், ஒங்கட தோட்டத்தில ஒரு ஆளுக்கு அறுபத்தொரு புள்ளயாம். அவர ஒருக்கா பாக்கோணும்" என்றார். அன்று எல்லோரும் சிரித்த சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். ஆனாலும் உள்ளுக்குள் கூசியது, ஏனென்றால் அந்த முறை என்னுடையது.

நீ அப்போது படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாய். கூட்டத்தின் பின்வரிசையில் இருந்து எழுந்து, ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் அதன் பெயரை எழுதிவைக்கும் வடிவம் ஒன்று இருக்கிறது என்றாய். இது பெயர், இது வயது, இது முகவரி என்று கோப்பே சொல்லும், இடம் மாறினாலும் குழப்பம் வராது, இல்லாத விவரத்தை விட்டுவிடலாம் என்றாய். "அப்ப ஒவ்வொரு போத்தல்லயும் உப்பு, சீனின்டு எழுதி ஒட்டுற மாதிரி" என்றார் நஸீமா டீச்சர். "அதேதான் டீச்சர்" என்றாய். எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. மெல்லிய குரலில்தான் கேட்டேன். "எழுதி ஒட்டிட்டா வீட்டுக்கு வர்ற எவனுக்கும் எது எதுனு தெரிஞ்சிடுமே தம்பி?" நீ சிரித்துக்கொண்டே, "அதுக்குத்தானே அப்பா பொது வடிவம்னு சொல்றோம். நாளைக்கு நாங்க யாருமே இல்லாட்டியும் வேற ஒரு கொம்பியூட்டர் இத வாசிக்கணும்" என்றாய். மற்றவர்கள் தலையாட்டினார்கள். காற்புள்ளி முறையையே வைத்துக்கொள்ளலாம், முகவரியை மேற்கோள் குறிகளுக்குள் போட்டால் தடுமாற்றம் தீர்ந்துவிடும், பெயர்த் தாளை மட்டும் காரியாலயத்தில் பூட்டிவைக்கலாம் என்று சொல்ல எனக்கு ஒரு திட்டம் இருந்தது. கொப்பியில் எழுதிக்கூட வைத்திருந்தேன். அதை எடுக்கவில்லை. மகன் பேசும்போது சபை கேட்கிறதே என்ற பெருமை ஒரு பக்கம், வயதானவன் மாற்றத்துக்குப் பயப்படுகிறான் என்று நினைப்பார்களே என்ற கூச்சம் ஒரு பக்கம். உன் வடிவத்துக்குக் கை உயர்த்திய முதல் ஆள் நான்தான்.

அதன்பிறகு ஒரு மாதம் நாம் இருவரும் அந்தப் பெயர்களைத் தீர்மானித்தோம். என் வாழ்க்கையில் உன்னோடு அவ்வளவு நேரம் ஒரே மேசையில் இருந்தது அந்த ஒரு மாதம்தான். நான் நீளநீளமாகப் பெயர் வைத்தேன். 'பிறந்ததிலிருந்து இன்றுவரை இருந்த இடங்கள்' என்று நான் ஆங்கிலத்தில் வைத்த பெயரைப் பார்த்து, "அப்பா, இது பேரில்ல, ரயில்" என்றாய். ஆனால் மாற்றாமல் அப்படியே விட்டாய். அந்த விவரம் ஏன் தேவைப்பட்டது என்பதும் உனக்குத் தெரியும். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்து வடக்கே வன்னிப் பக்கம் போய், வருடங்கள் கழித்துத் திரும்பிவந்த குடும்பங்களின் பத்திரங்கள் எந்தப் பதிவகத்தில் கிடக்கின்றன என்று தேட அது வேண்டும். வன்னியில் இருந்தவனைப் புலி என்று சந்தேகிக்கும் நாட்டில், அதே காரணத்துக்காக அது ஆபத்தான விவரம் என்பதும் நமக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் மூன்று பக்க விதித்தாளில், அந்த ஒரு விவரத்தைப் பதிந்த காரியாலயம் தன்னிடமே வைத்துக்கொள்ளும், வெளியே அனுப்பும் பிரதியில் அதை நீக்கிவிடும் என்று எழுதினோம். நான் சொல்லச் சொல்ல நீ தட்டினாய். அது உன் விரலால் தட்டிய வரி.

இனி என் தவறு. கணேசன் என்று வீடு கட்டும் மேசன் ஒருவர், பெருமாளின் தங்கை சரசுவின் புருஷன். அடையாள அட்டைக்காக என்னிடம் வந்திருந்தார். நான் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். இருந்த இடங்கள் என்ற கேள்வி வந்ததும் நிறுத்திவிட்டு, "ஐயா, அத எழுதித்தான் ஆகணுமா?" என்று கேட்டார். அவர் மாத்தளையில் பிறந்தவர், மாத்தளையிலேயே பதிவும் இருந்தது. அவருக்கு அந்த விவரம் தேவையே இல்லை, விட்டுவிடலாம், விடலாம் என்பதுதான் உன் வடிவத்தின் சிறப்பே. ஆனால் செக்ரோலில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் தோட்டத்தை நடத்தும் துரை சத்தம் போடுவார் என்று முப்பது வருடம் பயந்து பழகிய ஆள் நான். "எழுதினாத்தான் பதிவு முழுசா இருக்கும். இது நம்ம காரியாலயத்த விட்டு வெளிய போகாது, நான் இருக்கேன்ல" என்றேன். சின்ன வயதில் பத்து வருடம் வன்னியில், கிளிநொச்சியில் இருந்ததைச் சொன்னார். எழுதினேன். என் வாக்கை நம்பித்தான் சொன்னார். அந்தப் பக்கத்துப் பிழையை உன் தலையில் நான் போடவில்லை.

ஒரு பட்டியல் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் ஒரு கூட்டம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்து, தொழிற்சாலை ஆட்களில் யார் தமிழர், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று பேரேட்டைக் கேட்டதையும், நான் அலமாரியைத் திறக்க மறுத்ததையும் சின்ன வயதிலிருந்து என்னிடம் கேட்டு வளர்ந்தவன் நீ. பள்ளிக்கூடத்தில் அதைக் கட்டுரையாகக்கூட எழுதினாய். இப்போது அதையும் திருத்திவிடுகிறேன். நான் மறுக்கவில்லை. பயத்தில் சாவியை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மேசையில் தேடினேன், சட்டைப்பையில் தேடினேன். உண்மையாகவே அவர்களுக்காகத் தேடினேன். கிடைத்திருந்தால் திறந்திருப்பேனோ என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அவர்கள் பொறுமை இழந்து வேறு பக்கம் போனார்கள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொல்லும்போது அது மறுப்பாக மாறிவிட்டது. வீரமில்லாத அப்பனுக்குப் பிறந்தவன் என்று நீ வளர வேண்டாம் என்று அப்படியே விட்டேன். கதை பொய்யாக இருந்தாலும் அதிலிருந்த பயம் உண்மை. அதை நீ வாங்கிக்கொண்டாய் என்று நம்பியிருந்தேன்.

கொழும்பில் அந்தக் கம்பனிக்கு நேர்முகத்துக்குப் போனபோது, நீ செய்த வேலையை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று சொன்னாய். வடிவத்தைக் காட்டப்போகிறாய், விதித்தாளைக் காட்டப்போகிறாய் என்று நினைத்தேன். கற்பனையாக மூன்று பேரைப் போட்டு ஒரு மாதிரிக் கோப்பு தயாரித்து வைத்திருந்தோமே, அதைக் கொண்டுபோவாய் என்று நினைத்தேன். நீ நம் காரியாலயத்து முழுக் கோப்பையும் கொண்டுபோனாய். நீக்க வேண்டியதை நீக்காமல், எல்லாப் பெயர்களோடும், எல்லா இடங்களோடும், அவர்களுடைய கணினியில் ஏற்றிக் காட்டிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வந்தாய். மூன்று பேர் இருந்தால் விளையாட்டு மாதிரி இருக்கும், ஆயிரக்கணக்கில் இருந்தால்தான் மதிப்பார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் விடமாட்டேன் என்று தெரிந்ததால் சொல்லவில்லை. வேலை கிடைத்தது. பங்கு மண்டபத்தில் எல்லோருக்கும் நான் கேக் வாங்கிக் கொடுத்தேன். அன்று கணேசனும் வந்திருந்தார், அடையாள அட்டை விஷயமாக. அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தேன்.

அடுத்த வருடம் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. ஒரு காலை லயத்துக்குப் பொலிஸ் வந்து கணேசனை ஏற்றிக்கொண்டு போனது. சரசு என்னைத் தேடி வந்தார், கிளாக்கர் ஐயாவுக்குச் சிங்களம் நன்றாக வரும் என்று. இருவரும் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நாங்கள் சும்மா பிடிக்கவில்லை மாத்தையா, எழுத்தில் இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, ஒரு அச்சுத் தாளை என் பக்கம் திருப்பினார். கணேசனின் பெயர், வயது, முகவரி, ஒவ்வொன்றுக்கும் முன்னாலும் பின்னாலும் அதன் பெயர். கீழே, 'பிறந்ததிலிருந்து இன்றுவரை இருந்த இடங்கள்'. நீ ரயில் என்று சொன்ன அந்தப் பெயர். உலகத்தில் வேறு எவனும் அப்படி ஒரு பெயர் வைத்திருக்கமாட்டான். அதற்கு நடுவில் கிளிநொச்சி. சரசுவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. "என்னா ஐயா எழுதியிருக்கு?" என்று கேட்டார். "அவர் முந்தி இருந்த எடத்த யாரோ சொல்லியிருக்காங்க" என்றேன். யாரோ. அந்த ஒரு சொல்லைத்தான் அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். கிளிநொச்சிக் கதை தெரிந்த யாரோ, பொலிசோடு பழக்கமுள்ள யாரோ என்று தேடினால், நிலையத்து ஆட்களை வாடகைக்கு ஏற்றிப்போகும் பெருமாளைத் தவிர வேறு யார் கிடைப்பார்?

அன்றே சந்தியில் இருந்த தொலைபேசிக் கடையிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ மறுக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் உன்னை மதிக்கிறேன். கோப்பைக் கம்பனியில் விட்டது உண்மை, அங்கிருந்து யார் கைக்குப் போனது என்று தெரியாது என்றாய். கம்பனியில் கேள் என்றேன். கேட்டால் வேலை போகும் என்றாய். அப்படியானால் நான் வந்து சொல்கிறேன் என்றேன், நான் வரமாட்டேன் என்று தெரிந்துகொண்டே. அப்போது நீ சொன்னதை எழுத்துக்கு எழுத்து வைத்திருக்கிறேன். "அப்பா, சும்மா இருங்க. அத எழுதினது நீங்க. ஒங்க பேரும் வரும்." மகனே, நீ கோப்பைக் கொண்டுபோனதை அவசரம், இளமை, வேலை இல்லாத தவிப்பு என்று நான் பல தடவை எனக்கே எடுத்துச் சொல்லி ஆறியிருக்கிறேன். இந்த வாக்கியத்துக்கு என்னால் எதுவும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. என் பயம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நீ. சரியாக அந்த இடத்தில் கை வைத்தாய். நானும் சும்மா இருந்தேன். நீ மிரட்டியதால் மட்டும் இருந்தேன் என்று சொன்னால் அது பொய். சும்மா இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கணேசன் ஏழு மாதம் கழித்து வந்தார். இடது கை விரல்கள் மடங்குவதில்லை. மேசன் வேலை முடிந்துபோயிற்று, இப்போது தோட்டத்தில் காவல் வேலை. பெருமாளை வீட்டு வாசலுக்கே விடவில்லை. பெருமாளின் தாய் மகளோடுதான் இருந்தார். அவர் இறந்தபோது சவ எடுப்புக்கு நான் போயிருந்தேன். பெருமாள் லயத்துக்குள் வரவில்லை, ரோட்டு ஓரத்தில் தன் ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் போய் அவருடைய கையைப் பிடித்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெட்டி அவரைக் கடந்து போனது.

இந்த மூன்று வருடத்தில் அந்த இரண்டு வடிவத்தையும் மனதுக்குள் எத்தனை தடவை எடைபோட்டிருப்பேன் என்று எண்ணிக்கையில்லை. காற்புள்ளி முறையில் இருந்திருந்தால் அந்த அதிகாரிக்குப் புரிந்திருக்குமா? பெயர் ஒட்டாவிட்டாலும் கிளிநொச்சி கிளிநொச்சிதானே. உன் வடிவத்தில் தேவையற்றதை விட்டுவிடும் வசதி இருந்தது. அதை நான் பயன்படுத்தியிருந்தால் தாளில் ஒன்றுமே இருந்திருக்காது. உன் வடிவம் நல்ல வடிவம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். நஸீமா டீச்சர் இன்றைக்கும் அதையே வைத்து வேலை செய்கிறார், அந்த விவரத்தை மட்டும் அடியோடு எடுத்துவிட்டார். கனடாவில் நீ இதே மாதிரி வேலைதான் செய்யப்போகிறாய். எந்த வடிவம் விரைவானது, எது சிறியது என்று அங்கே உன்னைக் கேட்பார்கள். யார் வாசிக்கப்போகிறார்கள் என்று கேட்கமாட்டார்கள். அதை நீயே உன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். நான் கூட்டத்தில் மெல்லிய குரலில் கேட்டது அதுதான். உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

இனி அந்தக் காரியம். உன் சான்றிதழ் வந்த மறுநாளே நான் பஸ் ஏறி ரத்தோட்டைக்குப் போனேன். யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள், வழியில் பஸ்ஸை நிறுத்தி இறக்கவும் இல்லை. கணேசன் வீட்டில் இருந்தார். "ஐயா வந்திருக்காங்க, கதிரைய எடு" என்று சரசுவிடம் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்து வந்துவிடுவேன் என்று பயந்தேன். "கணேசன், ஒங்ககிட்ட மூணு வருசம் முந்தியே சொல்லியிருக்கணும். பொலிஸ் கையில இருந்த அந்தக் கடுதாசி எங்க காரியாலயத்திலிருந்து போச்சு" என்றேன்.

கணேசன் கேட்டார்: "காரியாலயத்துக்குக் காலா இருக்கு ஐயா? யாரு குடுத்தா?"

பஸ்ஸில் வரும்போது இதற்கு ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். நான்தான் என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். அப்பன் செய்யக்கூடிய காரியம் அது என்று நினைத்திருந்தேன். ஆனால் எதிரில் அந்தக் கை இருந்தது, மடங்காத விரல்களோடு முழங்காலில். அதற்கு முன்னால் இன்னொரு பொய்யை வைக்க முடியவில்லை. "எழுதினது நான். வெளிய குடுத்தது என் மகன்" என்றேன். ஆம், உன் பெயரைச் சொல்லிவிட்டேன். நீ என்னிடம் எதை எதிர்பார்க்கவே இல்லையோ அதைச் செய்துவிட்டேன்.

"அப்ப பெருமாள்?"

"அவருக்கு இதில ஒண்ணுமே இல்ல."

தேநீரோடு நின்ற சரசு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "செத்துக் கெடந்த எங்கம்மா பக்கத்துல இருந்துகிட்டு, அந்த ஆள உள்ள விடாதீங்கனு சொன்னது நான் ஐயா. இவரு சொல்லல. நான் சொன்னேன்" என்றார். கணேசன் எழுந்து சட்டையை மாட்டினார். ஒரு கையால் பொத்தான் போட நேரம் எடுத்தது. நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். "வாங்க. நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா அவன் கேக்கமாட்டான்."

சந்தியில் ஆட்டோக்கள் நிற்கும் இடத்துக்கு இறங்கினோம். பெருமாள் கணேசனைப் பார்க்காதவர் போல என்னிடம், "ஏறுங்க ஐயா, டவுனுக்கா?" என்றார். ரோட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாக, எதையும் விடாமல். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீங்க இத எப்பத் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேவா?" என்று மெதுவாகச் சொன்னார். "எங்கம்மா எடுப்பு அன்னைக்கு நான் இங்க ரோட்டுலதான் நின்னேன். நீங்க வந்து என் கையப் புடிச்சீங்க. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"மச்சான்" என்று கணேசன் ஏதோ சொல்லத் தொடங்கினார். "நீ பேசாத. நான் ஐயாகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார் பெருமாள். பிறகு என்னிடம், "ஒங்க மகன் எப்ப போறாரு?" என்று கேட்டார். அடுத்த மாதம் என்றேன். "போறதுக்கு முன்ன ஒருக்கா வரச் சொல்லுங்க. நான் கைய நீட்டமாட்டேன், வாயயும் நீட்டமாட்டேன். லயத்துல எல்லாரும் என்னப் பத்தி ஒண்ணு சொல்றாங்கல்ல, அது அப்படி இல்லனு அவரு வாயால சொல்லணும். கெழவன் எனக்காகக் கத கட்டுறாருனு நாளைக்கு நாலு பேரு சொல்லுவான்." பிறகு, "சரசு எங்க?" என்றார். வீட்டில் என்று கணேசன் சொன்னார். பெருமாள் இயந்திரத்தைக் கிளப்பி, எங்கள் இருவரையும் அங்கேயே நிற்கவிட்டு, தனியாக லயத்துப் பக்கம் மேலே ஏறிப்போனார்.

மகனே, நான் உன்னைத் தண்டிக்க இதை எழுதவில்லை. அதற்கு எனக்குத் தகுதி இல்லை. நீ செய்தது ஒரு நாள் காரியம், நான் சும்மா இருந்தது மூன்று வருடம். ஆனால் ஐந்து காரியாலயமும் ஆயிரக்கணக்கான ஆட்களும் நம்பிக் கொடுத்ததை நீ எடுத்துப்போனாய், என் வாக்கையும் சேர்த்து எடுத்துப்போனாய், அது திரும்பக் கிடைக்காது. பெருமாளுக்கு மட்டும் ஒன்று திரும்பக் கிடைக்கலாம். அது உன் கையில் இருக்கிறது.

வரும் ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் மாத்தளையில் ரத்தோட்டை பஸ் நிற்கும் இடத்தில் நான் இருப்பேன். உனக்காக ஒரு பஸ்ஸை விடுவேன், இரண்டாவதையும் விடுவேன். மூன்றாவதில் ஏறிவிடுவேன். நீ இல்லாமல் போய் நின்றால் பெருமாள் என்னிடம் கேட்பார். வேலை இருந்தது, பயண ஒழுங்குகள் இருந்தன என்று உனக்காக நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வரவில்லை என்று மட்டும் சொல்வேன்.

அப்பா